எண்ணெய் படிந்த நிலமும் வழக்கின் முடிவும்
(சிங்கவரத்தின் பாறை நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

மண்ணின் மேல் நிகழும் கேட்டினை மாந்தர் கண்ணால் கண்டு அறிவர். மண்ணினுள் நிகழும் கேட்டினையோ கிணற்று நீரின் சுவையும் மணமும் மாறிய பின்னரே அறிகின்றனர். பெட்ரோல், டீசல் ஆகிய எரிபொருள்களை நிலத்தடியில் தேக்கி வைக்கும் தொட்டிகளிலிருந்தும் அவற்றைக் கொண்டு செல்லும் குழாய்களிலிருந்தும் ஏற்படும் கசிவு, இவ்வாறு மறைந்து நிகழும் கேடுகளுள் ஒன்று. தொட்டி பயன்பாட்டில் இருக்கும்போது கசியாமல் காப்பது ஒரு பணி. தொட்டியை அகற்றிய பின் அந்நிலத்தை ஆராய்ந்து, தூய்மை செய்து, "இனி இவ்விடத்தால் தீங்கில்லை" என உரிய அதிகாரி கையொப்பமிட்டு வழக்கினை முடிப்பது மற்றொரு பணி. பின்னதே இக்கட்டுரையின் பொருளாகும்.

வழக்கு முடிந்தது என்பதற்கு நிலம் முற்றும் தூய்மையாயிற்று என்பது பொருளன்று. எஞ்சிய மாசு எவ்வளவு, அது எங்கே தங்கியுள்ளது, அது எவர் வாய்க்கும் சென்று சேராது என்பதற்குச் சான்று யாது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்பதே பொருள். இவ்விடைகள் நிலத்துக்கு நிலம் வேறுபடும். ஓரிடத்தில் பொருந்திய அளவுகோலை மற்றோரிடத்தில் அப்படியே பொருத்துதல் ஆகாது. இக்கருத்தினை நிறுவும் பொருட்டுச் சென்னைத் தொண்டியார்ப்பேட்டையிலும் ஈழத்துச் சுன்னாகத்திலும் நிகழ்ந்தவற்றை முதலில் காண்போம். அடுத்து, அமெரிக்க நாட்டில் வழக்கு முடிவுக்கென வகுக்கப்பட்ட விதிகளை நோக்குவோம். பின்னர், செஞ்சிக்கு வடக்கே அரங்கநாதர் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற சிங்கவரத்தின் பாறை நிலத்தில் அவ்விதிகள் எங்ஙனம் பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டு வகையால் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

பெட்ரோலியம் என்னும் சொல் பாறையைக் குறிக்கும் 'பெட்ரா', எண்ணெயைக் குறிக்கும் 'ஓலியம்' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. 'பாறைநெய்' எனத் தமிழில் கூறின் பொருள் சிதையாது. தமிழில் வழங்கும் 'மண்ணெண்ணெய்' என்னும் சொல்லும் அப்பொருள் மண்ணிலிருந்து வந்தது என்பதையே உணர்த்துகின்றது. பாறையின் ஆழத்திலிருந்து எடுத்த நெய், வேறோர் ஊரின் பாறை வெடிப்பினுள் புகுந்து அவ்வூர் மக்களின் குடிநீரைக் கெடுப்பது இக்காலத்தின் முரண் எனலாம்.

மாசுற்ற நிலம் பற்றிய கோப்பினை இறுதி செய்தலை 'மூடுதல்' என்று மொழிபெயர்த்து வழங்குவோர் உளர். மூடுதல் என்பதற்கு மறைத்தல் என்னும் பொருளும் உண்டு. முடித்தல் என்பதற்கோ நிறைவேற்றுதல் என்பது பொருள். குழியை மண்ணிட்டு மூடலாம். ஆனால், வழக்கைச் சான்று கொண்டு முடித்தல் வேண்டும். இவ்வேறுபாடு கருதியே 'வழக்கு முடிவு' என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

நிலத்தடியில் எண்ணெயின் இயல்பு

கசிவின் தொடக்கம் பெரும்பாலும் சிறியது. எஃகுத் தொட்டியோ குழாயோ ஈர மண்ணில் துருப்பிடித்து ஊசித்துளை விழுகின்றது. அத்துளை வழியே நொடிக்கு ஒரு துளி வீதம் கசிவதாகக் கொள்வோம். இருபது துளி ஒரு மில்லி லிட்டர் எனக் கணக்கிட்டால், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேலும், ஓர் ஆண்டில் 1,500 லிட்டருக்கு மேலும் எண்ணெய் மண்ணுள் சென்றுவிடும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் வரவும் செலவுமாக உள்ள விற்பனை நிலையத்தில், அளவுகோல் இட்டு இருப்பைக் கணக்கிடும்போது இச்சிறு குறைவு ஆவியாதலின் கணக்கிலும் வெப்பத்தால் ஏற்படும் சுருக்கத்தின் கணக்கிலும் மறைந்துபோகக் கூடும்.

மண்ணுள் இறங்கிய எண்ணெய் நான்கு வடிவங்களில் தங்குகின்றது. ஒரு பகுதி மண் துகள்களின் இடையே ஒட்டிக்கொள்கின்றது. ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் காற்றிடைவெளியில் பரவுகின்றது. ஒரு பகுதி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, நீரினும் எடை குறைந்ததாதலின், அதன்மேல் படலமாக மிதக்கின்றது. எஞ்சிய ஒரு சிறு பகுதி நீரில் கரைந்து, நீர் செல்லும் திசையில் தானும் செல்கின்றது.

கரையும் அச்சிறு பகுதியே பெருந்தீங்கு விளைப்பது. பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் என்பன அதன்கண் முதன்மையானவை. இவற்றுள் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதி செய்யப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் அதற்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொண்டால், அதன் எடை 8.8 கிராம். அவ்வளவும் நீரில் கரையுமாயின் ஏறத்தாழ 8 இலட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரினை அவ்வெல்லையை எட்டச் செய்யும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கேணியை மட்டுமன்றி ஓர் ஊரின் பல கேணிகளையும் பற்றக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஆவியாகப் பரவும் பகுதியும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோ நாட்டின் குவாதலகாரா நகரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் கழிவுநீர்ச் சாக்கடையுள் புகுந்து வெடித்ததில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீர்க்குழாய் ஒன்று எண்ணெய்க் குழாயைத் தொட்டுக் கிடந்ததால் ஏற்பட்ட அரிப்பே கசிவுக்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. நிலத்தடிக் கசிவு நஞ்சாகவும் வரும், நெருப்பாகவும் வரும்.

இத்தனை தீமைக்கும் இயற்கையிலேயே ஒரு மாற்று உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுள் சில எண்ணெயின் கூறுகளை உணவாகக் கொள்கின்றன. காற்றின் உயிர்வளி உள்ளவரை விரைந்தும், அது தீர்ந்தபின் நைட்ரேட்டு, இரும்பு, சல்பேட்டு ஆகியவற்றைத் துணைக்கொண்டு மெல்லவும் அவை வேலை செய்கின்றன. ஆகவே கசிவின் ஊற்று நின்றுவிட்டால், கரைந்த மாசு எல்லையின்றிப் பரவாமல் ஓரளவு சென்று நின்று, பின்னர்ச் சுருங்கத் தொடங்குவதும் உண்டு. வழக்கு முடிவு என்னும் கருத்தே இவ்வியற்கை உண்மையின் மீது எழுந்ததாகும். ஆனால், "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பது வேறு. "இயற்கை பார்த்துக்கொள்கிறது என்பதை அளந்து கண்டோம்" என்பது வேறு.

மணல் நிலம்: தொண்டியார்ப்பேட்டை

வடசென்னைத் தொண்டியார்ப்பேட்டை கடலை அடுத்த மணற்பாங்கான நிலம். துறைமுகத்திலிருந்து எரிபொருள் இறக்கி வைக்கும் கிடங்குகளும் அவற்றை இணைக்கும் நிலத்தடிக் குழாய்களும் குடியிருப்புகளின் ஊடே அமைந்த பகுதி அது. 2013ஆம் ஆண்டில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீருடன் எரிபொருளும் வருவதை மக்கள் கண்டனர். பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாயில் ஏற்பட்ட கசிவு வெளிப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனை விசாரித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள் நிலத்தடி நிலையை ஆராய்ந்தனர். கசிவு நின்ற பின்னும் நிலத்தடியில் தங்கிய எண்ணெயை எடுக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. முதலாவது, கசிவைக் கண்டறிந்த கருவி எந்தப் பொறியும் அன்று. இல்லத்தரசியர் இறைத்த குடம் நீரே. இரண்டாவது, ஊற்றை அடைத்தல் வழக்கின் தொடக்கமேயன்றி முடிவன்று. மணலின் இடைவெளிகளில் ஒட்டிய எண்ணெய் முழுவதையும் எந்த இறைப்பானாலும் உறிஞ்சி எடுத்தல் இயலாது. எவ்வளவு எடுத்தபின் போதும் எனக் கூறலாம் என்னும் வினா அங்கேயே பிறந்துவிடுகின்றது.

சுண்ணாம்புக்கல் நிலம்: சுன்னாகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறி, குடிக்கவும் பயிர் வளர்க்கவும் பயன்படுகின்றது. அங்குள்ள சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறையீடு, 2015ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்காயிற்று. 2019 ஏப்ரல் 4 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தருதல் வேண்டும் என்னும் நெறியின்படி, மின்நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது.

இவ்வழக்கின் போக்கில் நாம் கருதத்தக்கது, ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டமையாகும். கிணறுகளில் எண்ணெய் மிகுந்துள்ளது என ஒரு சாராரும், அஞ்சத்தக்க மாசு இல்லை என மற்றொரு சாராரும் கூறினர். குடிப்பவர் எதனை நம்புவது? எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பொருளைத் தேடி நீர் எடுக்கப்பட்டது என்பவை ஒத்திராவிடில் முடிவும் ஒத்திராது. எண்ணெயும் கொழுப்பும் எனப் பொதுவில் அளப்பது ஒன்று. பென்சீனைத் தனியே அளப்பது வேறொன்று. ஆகவே, வழக்கை முடிக்கும் சான்றுக்கு முன், சான்றெடுக்கும் முறையில் இரு தரப்பாரும் உடன்படுதல் வேண்டும் என்பது சுன்னாகம் தரும் பாடம்.

முடிவுக்குரிய விதிகள்

நிலத்தடித் தொட்டிகளைப் பற்றி விரிவாகச் சட்டம் செய்த நாடு அமெரிக்கா. 1984இல் இதற்கெனத் தனிச் சட்டப்பிரிவும், 1986இல் கசிவுகளைத் தூய்மை செய்ய ஒரு நிதியமும், 1988இல் விரிவான விதிகளும் அங்கே வந்தன. பழைய தொட்டிகளைச் செப்பனிடவோ அகற்றவோ 1998 டிசம்பர் 22 வரை தவணை தரப்பட்டது. அந்நாட்டில் ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதி செய்யப்பட்டு, அவற்றுள் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றின் வழக்குகள் முடிக்கப்பட்டுள்ளன. எல்லா நிலத்தையும் முற்றும் தூய்மையாக்கிய பின்னரே முடிப்பது என்றிருந்தால் இவ்வெண்ணிக்கை இயன்றிராது. எனவே, தீங்கின் அளவை நோக்கி முடிவு செய்யும் முறை அங்கே வளர்ந்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2012 ஆகஸ்டு 17 முதல் நடைமுறைக்கு வந்த கொள்கை இதற்குத் தக்க சான்று. தீங்கு குறைந்த தொட்டி வழக்குகளை முடிப்பதற்கு அது கூறும் பொது நிபந்தனைகளுள் இன்றியமையாதவை வருமாறு:

1. அவ்விடம் பொதுக் குடிநீர் வழங்கலுக்கு உட்பட்ட பகுதியாக இருத்தல்.
2. கசிந்தது பெட்ரோலியப் பொருள் மட்டுமே ஆதல்.
3. கசிவின் ஊற்று நிறுத்தப்பட்டிருத்தல்.
4. மிதக்கும் எண்ணெய் இயன்ற அளவு அகற்றப்பட்டிருத்தல்.
5. மாசு எங்கிருந்து, எவ்வழியே, எவரைச் சென்றடையக்கூடும் என்பதைக் காட்டும் நிலத்தின் முழு வரைவு ஆயத்தமாயிருத்தல்.
6. மாசேறிய மண் இயன்ற அளவு நீக்கப்பட்டிருத்தல்.

இவற்றுடன் நிலத்தடி நீர், கட்டடத்துள் புகும் ஆவி, மண்ணைத் தொடுவதால் வரும் தீங்கு என்னும் மூன்றுக்கும் தனித்தனி அளவுகள் உள. நிலத்தடி நீருக்குரிய வகைகளுள் ஒன்றில், மிதக்கும் எண்ணெய் இன்றி, மாசுற்ற நீர்ப்பரப்பின் நீளம் 100 அடிக்கும் குறைந்திருத்தலும், அதன் எல்லையிலிருந்து மிக அண்மையில் உள்ள குடிநீர்க் கிணறோ நீர்நிலையோ 250 அடிக்கும் அப்பால் இருத்தலும் வேண்டும். மேலும், வழக்கை முடிக்கும் முன் அந்நிலத்தாருக்கும் அடுத்த நிலத்தாருக்கும் அறிவிப்புத் தந்து, அவர்தம் கருத்தைக் கூற 60 நாள் தருதல் வேண்டும். ஆய்வுக்காகத் தோண்டிய கிணறுகளை முறைப்படி தூர்த்துவிடுதலும் வேண்டும். தூர்க்காமல் விட்ட ஆய்வுக் கிணறு, மேல்மண்ணின் மாசு கீழ்நீரை அடைய நாமே அமைத்துத் தந்த வாயிலாகிவிடும்.

இவ்விதிகளில் இரு கூறுகளைப் பிரித்துணர்தல் வேண்டும். வினாக்கள் ஒரு கூறு. எண்கள் மற்றொரு கூறு. வினாக்கள் எந்நாட்டிற்கும் பொருந்தும். எண்கள், அவை பிறந்த மண்ணுக்கே உரியவை.

சிங்கவரத்தில் பொருத்திப் பார்த்தல்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் செஞ்சி அமைந்துள்ளது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை இணைத்து எழுந்த கோட்டை, 2025ஆம் ஆண்டில் மராத்தியரின் படையரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையினுள் குளங்களையும் சுனைகளையும் அமைத்தும், கல்யாண மகாலுக்குக் குழாய் வழி நீர் கொணர்ந்தும் முன்னோர் நீரைப் போற்றினர். பாறை நிலத்தில் நீர் எளிதிற் கிடைப்பதன்று என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது. சங்கராபரணி ஆறும் இப்பகுதியிலிருந்தே தோன்றிப் புதுச்சேரி நோக்கிச் செல்கின்றது.

இனி, சிங்கவரம் போன்றதோர் ஊரின் சாலையோரத்தில் முன்பு எரிபொருள் நிலையம் ஒன்று இருந்ததாகவும், அதன் தொட்டி கசிந்ததாகவும், அது அகற்றப்பட்டு வழக்கை முடிக்கும் நிலை வந்ததாகவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மேற்கண்ட நிபந்தனைகள் அங்கே எங்ஙனம் பொருந்தும்?

முதலாவது, தொலைவு. மணலில் நீர் பரந்து செல்லும். கடும்பாறை நிலத்திலோ, மேலே மக்கிய பாறையிலும் அதன் கீழ் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் செல்லும். கிணறு வெட்டுவோர் இவ்வெடிப்புகளை 'ஊற்றுக்கண்' என்பர். அருகருகே வெட்டிய இரு கிணறுகளுள் ஒன்றில் ஊற்றுக்கண் திறந்து நீர் பெருகுவதும், மற்றொன்று வறண்டு கிடப்பதும் உழவர் நாளும் காணும் காட்சி. எண்ணெயும் அவ்வழியையே பின்பற்றும். தொட்டிக்கு 50 அடியில் உள்ள கிணறு தூய்மையாகவும், ஒரே வெடிப்பின் தொடர்பால் 500 அடிக்கு அப்பால் உள்ள கிணறு கெட்டும் இருத்தல் கூடும். ஆகவே 250 அடி என்னும் எண் இங்கே காப்பளிக்காது. வட்டம் வரைந்து அளப்பதை விட, வெடிப்புகளின் போக்கினை அறிந்து, அத்திசையில் உள்ள கிணறுகள் அனைத்தையும் சோதித்தலே முறை. இதில் ஊர்க் கிணறு வெட்டுவோரின் பட்டறிவு நிலவியல் அறிஞருக்குத் துணையாகும்.

இரண்டாவது, பருவம். வடகிழக்குப் பருவமழையால் கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் உயர்கின்றது. சித்திரை, வைகாசியில் ஆழத் தாழ்கின்றது. மிதக்கும் எண்ணெய் நீருடன் தாழ்ந்து, மீண்டும் உயர்ந்து, இடைப்பட்ட மண்ணிலும் வெடிப்பிலும் பூசப்பட்டுவிடும். மழைக்காலத்தில் அப்பூச்சு நீருள் மூழ்கிச் சிறைப்படுவதால் ஆய்வுக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் தென்படாது. கோடையில் நீர் இறங்கியதும் அது வழிந்து மீண்டும் படலமாகத் தோன்றும். மார்கழியில் மட்டும் நீர் எடுத்து, "எண்ணெய் இல்லை" என எழுதி முடிக்கும் வழக்கு, அடுத்த வைகாசியில் பொய்யாகும். ஆகவே இரு பருவங்களிலும், ஓராண்டு மட்டுமன்றித் தொடர்ந்து சில ஆண்டுகள், ஒரே கிணறுகளில் சோதித்து, அளவு குறைந்து வருவதைக் காட்டுதல் வேண்டும். வழக்கின் மெய்ம்மை காலத்தோடு ஒட்டிய சான்றில் உள்ளது.

மூன்றாவது, நீர் குடிப்போர். கலிபோர்னியாவின் முதல் நிபந்தனை பொதுக் குடிநீர் வழங்கல். நம் சிற்றூர்களில் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் வந்துள்ளன எனினும், அத்தொட்டிக்கு நீர் தருவது பெரும்பாலும் அவ்வூர் ஆழ்துளைக் கிணறே. மேலும் கழனியில் வேலை செய்வோர் பம்புசெட்டு நீரையே பருகுகின்றனர். கால்நடைகளும் அதனையே பருகுகின்றன. எனவே, "குழாய் நீர் உண்டு, கிணற்று நீர் கெட்டாலும் குற்றமில்லை" என்னும் வாதம் இங்கே நில்லாது.

நான்காவது, தேடவேண்டிய பொருள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் இயங்கிய தொட்டி எனின், ஈயத்தையும் சேர்த்துச் சோதித்தல் வேண்டும். அண்மைக்காலத் தொட்டி எனின், நூற்றுக்கு இருபது வரை எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்தல் வேண்டும். நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் உண்டு உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் நெடுந்தொலைவு செல்ல நேரலாம். ஆகவே தொட்டியின் அகவையை அறியாமல் சோதனைப் பட்டியலை எழுதுதல் கூடாது.

ஐந்தாவது, நினைவு. வழக்கு முடிந்த நிலம் கைமாறும், மனையாகும், அங்கே வருவோர் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டுவர். ஆழத்தில் சிறைப்பட்டிருந்த எண்ணெய் அத்துளை வழியே மீண்டும் எழும். முந்திய கோப்பு எங்கோ ஓர் அலுவலக அலமாரியில் உறங்கினால் அதனால் யாருக்கும் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடத்தும் ஊராட்சியிடத்தும் உள்ள ஆவணங்களில், அந்நில எண்ணுக்கு நேரே அச்செய்தி பதியப்படுதல் வேண்டும். மண்ணிலிருந்து மாசு நீங்கும் வரை, மனிதர் நினைவிலிருந்து அது நீங்கலாகாது.

நம் நாட்டுச் சட்டநிலை

எரிபொருளைத் தேக்குதல் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தாலும் 2002ஆம் ஆண்டு விதிகளாலும் ஆளப்படுகின்றது. இவை பெரிதும் தீயிலிருந்து காக்க எழுந்தவை. நீரைக் காக்கும் நோக்கு பின்னரே வலுப்பெற்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, புதிய எரிபொருள் நிலையங்கள் பள்ளிகள், பத்துப் படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும். அதற்கு இடமில்லாவிடில் கூடுதல் காப்பு வேண்டும்; எந்நிலையிலும் 30 மீட்டருக்குக் குறைதல் கூடாது.

மாசேறிய பழைய நிலங்களுக்கென 2025 ஜூலையில் ஒன்றிய அரசு தனி விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சி அமைப்போ ஐயத்திற்குரிய இடங்களை ஆறு திங்களுக்கு ஒருமுறை அறிவித்தல், மாநில வாரியம் 90 நாளில் முதனிலை ஆய்வு செய்தல், அதன்பின் மூன்று திங்களில் விரிவாய்வு செய்து உறுதி கூறுதல், பொறுப்பாளரைக் கண்டறிந்து செலவினை அவர்பால் பெறுதல் ஆகியன அவற்றின் போக்கு. இது வரவேற்கத்தக்க படி. எனினும் ஆய்வுக்குத் தவணை வகுத்த இவ்விதிகள், தூய்மைப் பணி முடிய வேண்டிய காலத்திற்கு எல்லை வகுக்கவில்லை என்னும் குறை சுட்டப்பட்டுள்ளது.

இவ்விதிகளில் முதற்படி உள்ளாட்சியிடமே தொடங்குகின்றது என்பதை மாணவர் உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். ஊரார் அறிவித்தாலன்றி வாரியம் அறியாது. கிணற்று நீரில் எண்ணெய் மணம் எழுந்தால், நாளைக் குறித்து, கிணற்றைக் குறித்து, எழுத்தில் ஊராட்சிக்குத் தருதல் கற்றவர் கடமை. தெளிந்த தமிழில் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பம் வழக்கின் முதல் ஏடாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் உண்மைகள் புலனாகின்றன. எண்ணெய்க் கசிவின் ஊற்றை அடைத்தலோ தொட்டியைத் தோண்டி அகற்றலோ வழக்கின் முடிவாகாது. எஞ்சிய மாசு ஒடுங்கி வருகின்றது என்பதை இரு பருவச் சோதனைகளால் காட்டலே முடிவுக்குரிய சான்று. தொண்டியார்ப்பேட்டையின் மணலுக்கும் சுன்னாகத்தின் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிங்கவரத்தின் கடும்பாறைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பிறநாட்டு விதிகளின் வினாக்களைக் கொள்ளலாம்; எண்களை நம் நிலத்தில் ஆராய்ந்தே வகுத்தல் வேண்டும். முடிவு செய்யும் முன் அண்டை நிலத்தாரின் சொல்லைக் கேட்டலும், முடிவு செய்தபின் அதனை நில ஆவணத்தில் பொறித்தலும் இன்றியமையாதவை.

அதிகாரியின் கையொப்பம் ஒரு நாளில் இடப்படுவது. அந்நீரைப் பருகுவோர் வாழ்வு பல தலைமுறைக்கு நீள்வது. "இக்கிணற்று நீரை நானும் பருகுவேன், என் மக்களும் பருகுவர்" எனக் கையொப்பமிடுபவர் துணிந்து கூறவல்ல நாளே வழக்கு முடியத்தக்க நாள்.